இந்த வாரம் மழை உண்டா, அக்கா?

கார்த்திகை பிறந்துவிட்டால் எனக்கு வரும் கடிதங்களில் முதல் வரி ஒன்றாகத்தான் இருக்கும்: "மழை வருமா?" அதற்கு அப்புறம்தான் ஒவ்வொருவர் கவலையும் தனித்தனியாக வரும். ஒருவருக்கு யூரியா, ஒருவருக்குக் கல்யாணப் பந்தல், ஒருவருக்கு அகல் விளக்கு.

புதிதாக இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரி. கிளை அஞ்சலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பன்னிரண்டு மா, அதாவது நான்கு ஏக்கர் நிலத்தில் சம்பா சாகுபடி. 2008-ல் நிஷா புயல் மழை எங்கள் நிலத்தை ஏரியாக்கிவிட்டுப் போன பிறகு, கொல்லையில் ஒரு மழைமானி வைத்து, தினமும் காலை எட்டரை மணிக்கு அளந்து நோட்டில் எழுதி வருகிறேன். வானிலையை நான் கல்லூரியில் படித்ததில்லை. வானிலை மையம் சொல்வதை வரி விடாமல் படித்து, அதை என் நோட்டோடும் வயலோடும் ஒட்டிப் பார்ப்பவள். அந்த அளவுக்குத்தான் என் பதில்களும்.

அடுத்த வாரம் மழை எப்படி இருக்கும் அக்கா? மாவட்டம் முழுக்க வேண்டாம், நம்ம திருத்துறைப்பூண்டிக்கு மட்டும் சொல்லுங்கள். (வாசகி, கட்டிமேடு)

தங்கச்சி, நான் இதை எழுதி, அச்சாகி, உங்கள் கடைத்தெருவுக்கு வந்து சேர்வதற்குள் ஐந்தாறு நாள் ஓடிவிடும். முன்னறிவிப்பும் பால் மாதிரிதான். காலையில் கறந்ததை மாலைக்குள் பயன்படுத்த வேண்டும். ஐந்து நாள் பழைய முன்னறிவிப்பை வைத்து நீங்கள் வேலைக்கு ஆள் சொன்னால் அது என் தலையில் பாவம். அதனால் "செவ்வாய் மழை, புதன் வெயில்" என்று இங்கே எழுத மாட்டேன். கார்த்திகையில் நம் ஊரில் ஒரு வாரம் எப்படி நடக்கும் என்பதைச் சொல்கிறேன். அதைத் தெரிந்துகொண்டு, அன்றன்றைக்கு வரும் அறிவிப்பைப் பாருங்கள்.

வடகிழக்குப் பருவமழை தினமும் ஒரே மாதிரி பெய்வதில்லை. வங்கக்கடலில் கிழக்கே இருந்து அலை அலையாக ஈரக்காற்று வரும். ஓர் அலை வந்தால் இரண்டு மூன்று நாள் மழை. அது தாண்டியதும் இரண்டு மூன்று நாள் விடும். அப்புறம் அடுத்தது. இலங்கைக்குப் பக்கத்தில் ஒரு தாழ்வுப் பகுதி நிற்கிறது என்றால், முதல் நாளே வானத்தின் உச்சியில் மெல்லிய வெண்மேகம் பரவும். கிழக்கிலிருந்து ஈரக்காற்று கொண்டலாக அடிக்கும். மழை பெரும்பாலும் பின்னிரவில் தொடங்கி விடிகாலையில் வலுக்கும். கடலோரத்தில் இதுதான் வழக்கம். பகலில் பத்து மணிக்கு வெயில் எட்டிப் பார்த்தால் "மழை விட்டாச்சு" என்று நெல்லைக் காயப்போடுபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். பகல் வெயில் மழை முடிந்ததற்கு அடையாளமில்லை, மறுநாள் விடிகாலை இன்னொரு முறை வரலாம். தாழ்வுப் பகுதி நம்மைத் தாண்டி மேற்கே போய்விட்டால் காற்றில் ஈரம் குறையும், வாய்க்கால் மேல் விடியற்காலையில் பனி படுக்கும். அந்தப் பனியைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தைரியம் வரும்.

எந்த முன்னறிவிப்பைப் பார்த்தாலும் முதலில் பார்க்க வேண்டியது, அது எந்தத் தேதி, எத்தனை மணிக்கு வெளியானது என்பது. வாட்ஸ்அப்பில் சுற்றும் படங்களில் இந்த ஒரு வரியைத்தான் வெட்டிவிடுகிறார்கள். போன வருஷத்துச் சிவப்புப் படம் இந்த வருஷமும் எங்கள் தெருக் குழுவில் வந்தது. தேதி இல்லாத படத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

"ஓரிரு இடங்களில் கனமழை பெய்ய வாய்ப்பு" என்று ரேடியோவில் சொன்னார்கள். எங்கள் ஊரில் ஒரு சொட்டு இல்லை. யாரை நம்புவது? (வாசகர், ஆலத்தம்பாடி)

அண்ணே, அந்த அறிவிப்பு சரியாகவே இருந்திருக்கலாம். "ஓரிரு", "சில", "பல" என்பதெல்லாம் பேச்சுக்குச் சொல்வதில்லை, ஒவ்வொன்றுக்கும் கணக்கு உண்டு. ஒரு பகுதியில் உள்ள மழைமானிகளில் கால்வாசிக்குள் மழை பதிவானால் "ஓரிரு இடங்களில்". காலுக்கு மேல் பாதிவரை என்றால் "சில இடங்களில்". பாதிக்கு மேல் முக்கால்வரை "பல இடங்களில்". அதற்கும் மேலே போனால் "பெரும்பாலான இடங்களில்". திருவாரூர் மாவட்ட மழையளவுப் பட்டியலை நாளிதழில் பார்த்திருப்பீர்கள்: நன்னிலம், குடவாசல், வலங்கைமான், நீடாமங்கலம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை என்று ஊர்கள் வரிசையாக இருக்கும். அதில் ஓர் ஊரில் மட்டும் கொட்டியிருந்தாலும் "ஓரிரு இடங்களில்" என்பது பலித்த மாதிரிதான். அந்த ஓர் ஊர் ஆலத்தம்பாடியாக இருக்க வேண்டும் என்று அவர்கள் சொல்லவே இல்லை.

"கனமழை" என்பதற்கும் அளவு இருக்கிறது. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் 115.5 வரை கனமழை. அதற்கு மேல் 204.4 வரை மிக கனமழை. அதையும் தாண்டினால் அதி கனமழை. என் அம்மா கனமழை என்று சொன்னது வேறு. கூரையில் விழும் சத்தத்தில் திண்ணையில் பேசுவது கேட்காவிட்டால் அவளுக்கு அது கனமழை. அப்படி அரை மணி நேரம் அடித்துவிட்டுப் போனால் மழைமானியில் 30 மில்லிமீட்டர்கூட ஏறாமல் போகலாம், அறிவிப்புக் கணக்கில் அது மிதமான மழை. சத்தமே இல்லாமல் ராத்திரி முழுக்க நின்று பெய்ததைக் காலையில் அளந்தால் 80 இருக்கும். நம் வயலை மூழ்கடிப்பது இந்த இரண்டாவது மழைதான்.

இன்னொன்றும் கவனியுங்கள். மழைக் கணக்கில் ஒரு நாள் என்பது காலை எட்டரையிலிருந்து மறுநாள் காலை எட்டரை வரை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெய்தது சனிக்கிழமைப் பட்டியலில்தான் வரும். "நேத்து பெய்ததைப் போடவே இல்லை" என்று நாளிதழோடு சண்டை போடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் போதும்.

எச்சரிக்கை நிறத்தையும் கேட்டு இரண்டு கடிதம் வந்திருக்கிறது, இங்கேயே சொல்லிவிடுகிறேன். பச்சை என்றால் எச்சரிக்கை எதுவும் இல்லை. மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிருங்கள். ஆரஞ்சு வந்தால் தயாராகுங்கள். சிவப்பு வந்தால் தயாராக நேரமில்லை, உடனே செயலில் இறங்குங்கள். ஆரஞ்சு என்றதும் நான் செய்வது இவ்வளவுதான்: மோட்டார் கொட்டகையில் தரையில் இருப்பதைப் பரணில் ஏற்றுவேன், மாட்டை மேட்டுக்கு மாற்றுவேன், இரண்டு நாளைக்கு வைக்கோல் பிடுங்கி உள்ளே வைப்பேன்.

என் போனில் 60 சதவீதம் மழை என்று காட்டியது. குடையோடு கல்லூரிக்குப் போனேன், மழையே இல்லை. 60 சதவீதம் என்றால் என்ன அத்தை? (மாணவி, முத்துப்பேட்டை)

கண்ணு, அறுபது சதவீத ஊரில் மழை பெய்யும் என்றோ, அறுபது சதவீத நேரம் பெய்யும் என்றோ அர்த்தமில்லை. இன்றைக்கு இருப்பதுபோன்ற வானம் பத்து நாள் வந்தால், அதில் ஆறு நாள் உன் இடத்தில் மழை விழும், நான்கு நாள் விழாது என்பதுதான் கணக்கு. நீ அந்த நான்கில் ஒன்றைப் பார்த்திருக்கிறாய். எவ்வளவு பெய்யும் என்பதை அந்த எண் சொல்லாது. 90 சதவீதம் என்று காட்டிவிட்டு நாலு தூறலோடு முடிந்தாலும் அது தவறில்லை.

போனில் ஊர் பெயர் இருப்பதால் நம் ஊருக்கென்றே யாரோ உட்கார்ந்து கணித்ததுபோலத் தோன்றும். நடப்பது வேறு. கணினி பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்குப் போடுகிறது. இந்திய வானிலைத் துறையின் உலக அளவிலான கணிப்பில் ஒரு கட்டம் 12 கிலோமீட்டராக இருந்தது. 2025 மே மாதம் வந்த புதிய முறையில் 6 கிலோமீட்டராகக் குறைந்திருக்கிறது. 2024 அக்டோபரில் ஊராட்சி அளவில் முன்னறிவிப்பு கொடுக்கவும் தொடங்கினார்கள். நல்ல முன்னேற்றம். ஆனால் நம் ஊர் இடி மழை மேகம் ஒன்று இரண்டு மூன்று கிலோமீட்டர் அகலத்தில்கூட இருக்கும். பாமணி ஆற்றுக்கு அந்தக் கரையில் சாலையில் தண்ணீர் ஓட, இந்தக் கரையில் புழுதி பறந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவ்வளவு நுணுக்கமாக மூன்று நாள் முன்னால் யாராலும் சொல்ல முடியாது. கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் காரைக்கால் ரேடார் படத்தைப் பார். மேகம் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்பது கண்ணுக்கே தெரியும்.

சம்பா பயிர் 70 நாள். மேலுரம் போட வேண்டும். மழை விடுமா என்று பார்த்துப் பார்த்தே பத்து நாள் போய்விட்டது. என்ன செய்ய? (வாசகர், விளக்குடி)

உங்கள் தவிப்பு எனக்குத் தெரியும் அண்ணே. அதே தவறை ஒருமுறை நானே செய்தேன். அந்த வருஷமும் கார்த்திகைதான். இரண்டு நாள் நல்ல வெயில். மத்தியானம் ஆள் கிடைத்தது, யூரியா மூட்டையும் வீட்டில் இருந்தது. அன்றைய அறிவிப்பைப் பார்க்காமல் தெளித்துவிட்டேன். ராத்திரி இரண்டு மணிக்கு ஆரம்பித்து விடியும் வரை நின்று பெய்தது. காலையில் போய்ப் பார்த்தால் வரப்புக்கு மேல் தண்ணீர். வடிகால் மடையில் மஞ்சளும் வெள்ளையுமாக நுரை சுழன்று சுழன்று வெளியே போய்க்கொண்டிருந்தது. கையை விட்டு அளையும்போது, என் நான்கு ஏக்கர் உரமும் விரல் இடுக்கு வழியாக முள்ளியாற்றுக்குப் போகிறது என்று தெரிந்தது. அன்றைக்கு மழைமானியில் 52 மில்லிமீட்டர். நோட்டில் அந்த எண்ணைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

இதன் கணக்கைப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். ஒரு ஏக்கரில் அது ஏறத்தாழ 4,000 லிட்டர். ஐந்து சென்டிமீட்டர் பெய்தால் ஒரு ஏக்கரில் மட்டும் இரண்டு லட்சம் லிட்டர் தண்ணீர். உங்கள் வயலில் விழுந்தது மட்டும் அல்ல, மேலே இருக்கும் ஊர்த் தண்ணீர் முழுக்க நம் வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும். நாம் டெல்டாவின் கடைமடை. மழை விட்ட மறுநாளும் தண்ணீர் ஏறும். அதனால் மழை நின்ற நேரத்தைப் பார்க்காதீர்கள், வயலில் தண்ணீர் வடிந்து மண் தெரியும் நேரத்தைப் பாருங்கள்.

முதலில் வடிய விடுங்கள். மடையில் ஆகாயத்தாமரை அடைத்திருந்தால் அதை இழுத்துப் போடாமல் உரத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். அப்புறம் அடுத்த 48 மணி நேரத்துக்கு மஞ்சள் எச்சரிக்கைகூட இல்லாத ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். தண்ணீரில் நின்று வெளுத்த பயிருக்கு வேளாண் துறை சொல்லும் கலவை ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம்புண்ணாக்கு. மூன்றையும் கலந்து ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்துத் தெளிக்கச் சொல்கிறார்கள். வேப்பம்புண்ணாக்கு சேர்வதால் தழைச்சத்து மெதுவாகக் கரையும், ஒரேயடியாக அடித்துக்கொண்டு போகாது. உங்கள் பயிரின் வயதுக்கும் நிறத்துக்கும் இது பொருந்துமா என்று உதவி வேளாண்மை அலுவலரை ஒருமுறை வயலுக்கு அழைத்துக் காட்டிவிடுங்கள். நீங்கள் நட்டிருப்பது சி.ஆர். 1009 சப்-1 என்றால் கொஞ்சம் நிம்மதியாக இருக்கலாம். இரண்டு வாரம் வரை மூழ்கியிருந்தாலும் தாங்கி எழும் குணத்தை அந்த ரகத்துக்கு ஏற்றியிருக்கிறார்கள்.

செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் மாவட்ட வாரியாக வேளாண் வானிலை அறிக்கை வருகிறது. ஐந்து நாள் மழை, காற்று, வெப்பம் எல்லாம் சொல்லி, எந்தப் பயிருக்கு என்ன செய்யலாம் என்றும் எழுதியிருப்பார்கள். மேகதூத் செயலியில் தமிழிலேயே படிக்கலாம். வெறும் மழை அறிவிப்பைவிட இது நமக்கென்று எழுதப்பட்டது. நம்மில் நிறையப் பேர் இதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

பத்து நாளில் மகள் கல்யாணம். வீட்டு வாசலில் பந்தல் போடலாமா, மண்டபம் பார்க்கலாமா? (வாசகி, பாமணி)

பத்து நாள் கழித்து ஒரு குறிப்பிட்ட காலையில் மழை பெய்யுமா என்று சொல்லக்கூடியவர் இன்றைக்கு உலகத்தில் யாருமில்லை அக்கா. வியாழக்கிழமை தோறும் இரண்டு வாரத்துக்கான கண்ணோட்டம் ஒன்றை வானிலைத் துறை வெளியிடுகிறது. அதில் வழக்கத்தைவிட மழை கூடுமா குறையுமா என்பதுவரை தெரியும், முகூர்த்த நேரம் தெரியாது. கார்த்திகையில் வாசல் பந்தல் வேண்டாம். மண்டபத்தைப் பிடித்துவிடுங்கள். சமையல் கொட்டகைக்கு மட்டும் தகரம் போடச் சொல்லுங்கள். மழை பெய்தால் முதலில் நனைவது அடுப்புதான்.

நாங்கள் வேளார். கார்த்திகைக்கு அகல் விளக்கு செய்கிறோம். மழை பெய்யாத நாளிலும் விளக்கு காய மாட்டேன் என்கிறது. ஏன் அக்கா? (வாசகி, மன்னார்குடி அருகே)

இந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மழைக்கால வேலைகளில் உங்களுடையதைப்போல வானத்தை நம்பி நிற்பது வேறில்லை. தீபத்துக்குத்தான் விற்பனை, தீபமோ மழை மாதத்தில் வருகிறது.

காய்வதற்கு வெயில் மட்டும் போதாது. காற்றில் ஏற்கனவே எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பது முக்கியம். அறிக்கையில் "ஈரப்பதம்" என்று ஒரு எண் இருக்கும். 90-க்கு மேல் இருந்தால் காற்று நிறைந்த குடம் மாதிரி, விளக்கில் இருக்கும் ஈரத்தை வாங்கிக்கொள்ள அதில் இடமில்லை. மத்தியானத்தில் அது 70-க்குக் கீழே இறங்கும் நாளைப் பாருங்கள். பெரும்பாலும் தாழ்வுப் பகுதி கடந்து போன இரண்டாம் நாள் அப்படி வரும். கொண்டல் நின்று, காற்றில் ஈரம் குறைந்திருக்கும். அந்த ஒரு நாளில் காய்வது மூடாக்கான மூன்று நாளில் காயாது.

உங்கள் பக்கத்து ஊரில் ஒரு வீட்டில் நான் பார்த்ததையும் சொல்கிறேன். விளக்குகளைத் தரையில் பரப்பாமல் மூங்கில் தட்டிகளில் அடுக்கி, தட்டிகளை அடுக்குக்கு ஒரு சாண் இடைவெளி விட்டுத் தாழ்வாரத்தில் வைத்திருந்தார்கள். கீழிருந்தும் காற்று போனது. திரி வைக்கும் மூக்குதான் கடைசியில் காய்கிறது, அங்கே ஈரம் இருந்தால் சூளையில் வெடித்துவிடும் என்று அந்த அம்மா ஒவ்வொரு விளக்கின் மூக்கையும் உதட்டில் வைத்துப் பார்த்தார். குளிர்ச்சி தெரிந்தால் திரும்பத் தட்டிக்கு. விரலுக்குத் தெரியாத ஈரம் உதட்டுக்குத் தெரியும் என்றார்.

"எட்டப் பரிவேடம் கிட்ட மழை, கிட்டப் பரிவேடம் எட்ட மழை" என்று என் தாத்தா சொல்வார். இந்தக் காலத்துக்கு இதெல்லாம் பொருந்துமா? (வாசகர், தகட்டூர்)

பொருந்தும் ஐயா. பரிவேடம் என்பது நிலாவைச் சுற்றித் தெரியும் வட்டம். அகன்ற வட்டம், மிக உயரத்தில் பரவியிருக்கும் பனித்துகள் மேகத்தால் வருவது. தாழ்வு மண்டலம் ஒன்று நெருங்கும்போது அந்த உயர மேகம்தான் முன்னாலேயே ஓடி வரும். அதனால் வட்டம் எட்ட இருந்தால் மழை கிட்ட. நிலாவை ஒட்டிச் சின்னதாகத் தெரியும் வளையம் வேறு வகை. மெல்லிய மேகத்தில் இருக்கும் நீர்த்துளிகளால் வருவது, பெரிய மழைக்கு அது சாட்சியில்லை. உங்கள் தாத்தா பெயர் தெரியாமலே இரண்டு மேகத்தையும் பிரித்திருக்கிறார்.

ஆனால் எல்லாப் பழமொழியும் இப்படி நிற்கவில்லை. எறும்பு முட்டை தூக்கி மேடேறினால் மழை என்பதை என் நோட்டில் தனியாகக் குறித்து வந்தேன். வந்ததும் உண்டு, வராததும் உண்டு. மண்ணில் ஏற்கனவே ஈரம் ஏறினாலே எறும்பு இடம் மாறுகிறது. அந்தி ஈசலும் அப்படித்தான், பெரும்பாலும் பெய்த மழைக்குப் பின்னால் புறப்படுகிறது. பரிவேடத்தை மட்டும் நான் இன்றுவரை கைவிடவில்லை.

துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள், ஒன்றும் ஆகவில்லை. கஜா புயலுக்குப் பிறகு எங்கள் ஊரில் பயமும் போகவில்லை, நம்பிக்கையும் வரவில்லை. (வாசகர், தோப்புத்துறை)

தம்பி, மூன்றாம் எண் கூண்டு புயல் வந்துவிட்டது என்பதற்கு இல்லை. திடீர்க் காற்றோடு மழை வரக்கூடிய வானிலையால் துறைமுகம் பாதிக்கப்படலாம் என்பதுதான் அதன் பொருள். எட்டு, ஒன்பது, பத்து என்றால்தான் பெரும் அபாயம். பதினொன்று என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அற்றுப்போய்விட்டது என்று அர்த்தம்.

உங்கள் கடிதத்தில் இருக்கும் வலி வேறு. 2018 நவம்பர் 16 விடிகாலையை நானும் கதவுக்குப் பின்னால் முதுகு கொடுத்து நின்று கடந்தவள். நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா கரையேறியது, மணிக்கு 120 கிலோமீட்டர் வரை காற்று என்று கணக்குச் சொன்னார்கள். விடிந்து பார்த்தால் கிழக்கே தோப்பு இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. அதற்கு முன் அந்தப் பக்கம் வானத்தை நாங்கள் பார்த்ததே இல்லை.

ஆனால் கஜா வருவதை முன்கூட்டியே சொன்னார்கள், தம்பி. அதனால்தான் பல்லாயிரம் பேர் முகாமுக்குப் போக முடிந்தது. 2020 டிசம்பரில் புரெவி புயல் வேறு மாதிரி நடந்துகொண்டது. இலங்கையைத் தாண்டி வந்து வலுவிழந்து, பாம்பனுக்குப் பக்கத்தில் கரையேறாமல் நின்றுவிட்டது. காற்று இல்லை, ஆனால் நின்ற இடத்திலிருந்தே நம் டெல்டா முழுக்க மழையைக் கொட்டியது. நிஷாவும் காற்றில் கஜாவுக்கு ஈடில்லை. ஆனால் 2008 நவம்பரில் ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 66 சென்டிமீட்டர் பெய்தது. வடகிழக்குப் பருவம் மூன்று மாதத்துக்கும் சேர்த்து மாநிலத்தின் சராசரியே ஏறத்தாழ 44 சென்டிமீட்டர்தான். அதனால் "புயல் வலுவிழந்தது" என்று செய்தியில் கேட்டதும் எழுந்து போய்விடாதீர்கள். அது காற்றைப் பற்றிய செய்தி. மழை எவ்வளவு, எத்தனை மணி நேரம் என்று அடுத்த வரியையும் கேளுங்கள். படகை எப்போது கட்ட வேண்டும் என்பது முதல் வரியில் இருக்கும், வீட்டில் அரிசியை எங்கே வைக்க வேண்டும் என்பது இரண்டாவது வரியில் இருக்கும்.

களையெடுக்கும்போது இடி இடித்தால் வரப்பில் இருக்கும் பனைமரத்தடிக்கு ஓடுகிறோம். சரிதானே அக்கா? (வாசகி, எடையூர்)

வேண்டவே வேண்டாம் தங்கச்சி. தனியாக நிற்கும் உயர்ந்த மரத்தில்தான் மின்னல் முதலில் இறங்கும். இடிச் சத்தம் காதில் கேட்கிறது என்றாலே மின்னல் உங்களை எட்டும் தூரத்தில் இருக்கிறது. உடனே வேலையை நிறுத்தி, ஓட்டு வீடோ, மாடி வீடோ, பேருந்தோ, எது பக்கமோ அதற்குள் போங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் வயலில் இறங்க வேண்டும். தாமினி என்று ஒரு செயலி இருக்கிறது, பக்கத்தில் மின்னல் இறங்கினால் சொல்லும். கூலிக்குப் போகும் கூட்டத்தில் ஒருவர் போனிலாவது அது இருக்கட்டும். அரை மணி நேரத்துக்குக் கூலி பிடிப்போம் என்று யாராவது சொன்னால் என் பெயரில் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

நான் ஏழாம் வகுப்பு. நானும் மழை அளக்கணும். மழைமானி வாங்கக் காசு இல்லை. (மாணவன், கோட்டூர்)

வாங்க வேண்டாம் ராஜா. பக்கம் நேராக இருக்கும் இரண்டு லிட்டர் பாட்டில் ஒன்றை எடு. கழுத்துப் பகுதியை வெட்டி, அதையே தலைகீழாக உள்ளே செருகு, புனல் ஆகிவிடும். அடிப்பக்கம் மேடு பள்ளமாக இருக்கும். அதனால் கூழாங்கல் போட்டு, நேரான பகுதி தொடங்கும் வரை தண்ணீர் ஊற்றி அங்கே ஒரு கோடு போடு. அதுதான் சுழியம். அதிலிருந்து மேலே ஒரு ஸ்கேலை ஒட்டு. ஒரு மில்லிமீட்டர் ஏறினால் ஒரு மில்லிமீட்டர் மழை. மரத்துக்கும் சுவருக்கும் அடியில் வைக்காதே. அவை எவ்வளவு உயரமோ அதைப்போல இரண்டு மடங்கு தள்ளி, காற்றில் சாயாமல் செங்கல் நடுவில் வை. காலை எட்டரைக்குப் பார்த்துத் தேதியோடு எழுதிவிட்டு, தண்ணீரை மறுபடி சுழியத்துக்குக் கொண்டுவா. அளக்கும்போது உன் கண் தண்ணீர் மட்டத்துக்கு நேராக இருக்க வேண்டும், குனிந்து பார்.

மழை இல்லாத நாளிலும் "0" என்று எழுது. எழுதாமல் விட்டால், அன்றைக்கு மழை இல்லையா, நீ பார்க்கவில்லையா என்பது அடுத்த வருஷம் உனக்கே தெரியாது. மார்கழி கடைசி வரை எழுதி, ஒரு பக்கத்தைப் படம் எடுத்து இந்த முகவரிக்கு அனுப்பு. கோட்டூருக்கும் எங்கள் கொல்லைக்கும் எந்தெந்த நாளில் மழை வேறுபட்டது என்று, உன் நோட்டையும் என் நோட்டையும் பக்கத்தில் வைத்துத் தை மாத இதழில் போடுகிறேன்.